முடிச்சூர் சாமி

என் வாயைப் பற்றி முடிச்சூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாமுண்டீஸ்வரி என்று பெயரை வைத்துவிட்டுப் பிறகு கோபக்காரி என்றால் நான் என்ன செய்வது? இரண்டு எருமையையும் ஒரு பெண் குழந்தையையும் வைத்துக்கொண்டு, புருஷன் இல்லாமல் இந்த ஊரில் ஒருத்தி பதினோரு வருஷம் ஓட்ட வேண்டுமென்றால் வாய் வேண்டும். அது மட்டும் இல்லாவிட்டால் என் பங்கு நிலத்தையும் எப்போதோ பிளாட் போட்டு விற்றிருப்பார்கள்.

புருஷன் இல்லாமல் என்றால் செத்துப்போனவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடிப்போனவர். அப்படித்தான் நானும் நினைத்தேன், ஊரும் நினைத்தது.

அவருக்கு வெள்ளையடிக்கிற வேலை. ஜெயவேலு சுவரைத் தொட்டால் பால் போல இருக்கும் என்று சேலையூர் வரைக்கும் கூப்பிடுவார்கள். கூலியைக் கையில் வாங்கினால் கால் தானாகச் சாராயக் கடைப் பக்கம் திரும்பிவிடும். எண்பத்தைந்தாம் வருஷம் தீபாவளிக்கு என் பெண் சரோஜினிக்கு வாடாமல்லிக் கலரில் ஒரு பாவாடை எடுத்து வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் பாவாடை இல்லை. அதையும் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். குழந்தை பழைய கவுனோடு வாசலில் நின்று மத்தாப்பு பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "குடிய வுட்டுட்டு வர்றதா இருந்தா இந்தப் படி ஏறு. இல்லன்னா அப்டியே போய்ச் சேரு" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், நான் சொன்னதில் தப்பே இல்லை. மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போனவர்தான்.

எவளோடோ போய்விட்டார் என்றார்கள். அரக்கோணத்தில் பார்த்தேன் என்றான் ஒருத்தன், ஆந்திராவில் கல்லுடைக்கிறார் என்றான் இன்னொருத்தன். நான் தினமும் சாணி அள்ளும்போது ஒரு தரமும் பால் கறக்கும்போது ஒரு தரமும் அந்த ஆளைக் கரித்துக்கொட்டுவேன். ஆனால் நெற்றிப் பொட்டை மட்டும் நான் சின்னதாக்கவில்லை. முன்பு வைத்ததைவிடப் பெரிதாகவே வைத்தேன். ஒருநாள் வந்து நிற்கத்தான் போகிறார், அன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம் வைகாசியில் சரோஜினிக்குக் கல்யாணம் கூடியது. தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பெருங்களத்தூர். அவன் அப்பா சிட்டிபாபு செங்கல், மணல் வியாபாரம். பெண் பார்க்க வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "பொண்ணோட அப்பா உசுரோட கீறாரா, இல்லையா?" என்பதுதான். என் அண்ணன் தனக்கோடி சளைக்காமல், "உசுரோடதான் கீறாரு. எங்க கீறாருன்னுதான் தெரியல" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஓடிப்போனவன் பெண் என்றாலும் பரவாயில்லை, மஞ்சள் குங்குமத்தோடு ஒரு தாயார் மணையில் நின்று தாரை வார்ப்பாள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பத்திரிகையில் அவர் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி வந்தன. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற ஒரே ஆசைதான் எனக்கு இருந்தது. வேறெதற்கும் நான் யாரிடமும் போய் நின்றதில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஏட்டு சவுரிமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் யாராவது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனார்களா என்று கேட்டதற்கு என் வீட்டைக் கை காட்டியிருக்கிறார்கள்.

"சேலையூர்ல அய்யப்ப சாமி வேஷத்துல வந்து ஒரு வூட்ல கொள்ளையடிச்சானுங்களே, ஞாபகம் கீதாம்மா?" என்றார்.

ஞாபகம் இல்லாமலா? எண்பத்தைந்து மார்கழி. கறுப்பு வேட்டி, துளசி மாலை, சந்தனம் எல்லாம் போட்டுக்கொண்டு, அன்னதானத்துக்கு அரிசி கேட்கிற மாதிரி வந்து, வீட்டில் இருந்த அம்மாளைக் கட்டிப் போட்டுவிட்டு நகையை அள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர்களில் ஒருத்தனை அவர்களே குத்திக் கொன்றுவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. அந்த வருஷம் முழுக்க நிஜச் சாமிகளுக்குக்கூடத் தாம்பரத்தில் யாரும் கதவு திறக்கவில்லை.

"அதுல ஒருத்தன் இப்ப வேற கேஸ்ல மாட்டிக்கினான்" என்றார் ஏட்டு. "செத்த ஆளு எங்க ஆளே இல்ல சார், நாங்க நாலு பேருதான், அவன் தெருவுல போன சாமி, எந்த ஊருன்னு கேட்டதுக்கு முடிச்சூர்னான், அப்டின்னு மொதல்ல சொன்னான். இப்ப வக்கீலு சொல்லிக்குடுத்து மாத்திட்டான். எங்க கூட்டாளிதான், பங்கு தகராறுன்றான். வழியில போன மனுசனக் கொன்னதுக்கும் கூட்டாளியக் கொன்னதுக்கும் கோர்ட்ல வித்தியாசம் கீதில்ல? திங்கக்கெழம நாங்க பேப்பர் வெக்கணும். சொந்தக்காரங்க வந்து பேரு சொன்னா அவன் கதை ஒடையும். இல்லன்னா பேர் தெரியாத கூட்டாளின்னே போய்டும்."

ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

தாடி. கழுத்தில் மாலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தாடி வைத்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. அந்தத் தழும்பைப் போட்டதே நான்தான். கல்யாணமான இரண்டாம் வருஷம், குழம்புக் கரண்டியால். எனக்குத் தெரியாதா?

அந்த நேரத்திலும் பாருங்கள், என் புத்தி எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டது. இவர்தான் என்று சொன்னால் நான் இந்த நிமிஷத்திலிருந்து தாலி அறுத்தவள். மணையில் நிற்க முடியாது. அதோடு கொள்ளைக்காரன் பெண்ணை எவன் கட்டுவான்? எல்லாம் ஒரு நொடியில் தோன்றிவிட்டது.

"இல்ல சார். இது யாரோ" என்றேன். "அந்த ஆளு சாராயக் கடைக்கு வேணும்னா மாலை போட்டிருப்பாரு. மலைக்கெல்லாம் போட மாட்டாரு."

சவுரிமுத்து என் முகத்தையே பார்த்தார். "இல்லன்னா இல்லதான்மா. திங்கக்கெழம காலைல வரைக்கும் நான் ஸ்டேஷன்லதான் கீறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அவர் கிளம்புவதற்குள், சும்மா கேட்கிற மாதிரி, அந்த வீடு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, ரயில்வே பாலம் ஏறி இறங்கிக் கிழக்குப் பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் திருடன்தான் என்று அந்த வீட்டு அம்மாள் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் போதும். திருட்டுப் பயல், செத்ததும் சரி, பெயர் இல்லாமல் போனதும் சரி என்று நிம்மதியாக வந்து பந்தக்கால் நடுவேன்.

நாகலக்ஷ்மி அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். மூக்குத்தி இருந்த இடம் காலியாக இருந்தது. அவர் வீட்டுக்காரர் தோத்தாத்ரி ஆபீசிலிருந்து ரிடையராகி, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பழைய கேஸைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த அம்மாள் என்னை ஹாலில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன் செத்தானே, அவனப் பத்திதான் கேக்க வந்தேன்" என்றேன்.

"அஞ்சு பேர் இல்லம்மா, நாலு பேர்" என்றார் சட்டென்று. "அன்னிக்கே போலீஸ்ல சொன்னேன். கட்டிப் போட்டிருந்தாளே, உங்களுக்கு எப்படிக் கணக்குத் தெரியும்னா. அஞ்சுன்னு அவாளே எழுதிண்டா."

பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அரிசி எடுக்க உள்ளே திரும்பிய அம்மாளைத் தள்ளி, வாயில் துணியை அடைத்து, சமையலறையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். பீரோவை உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு குரல்: "சாமி சரணம்! உள்ள வரலாமா சாமி?"

கறுப்பு வேட்டி கட்டினவர்கள் வரிசையாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வேறென்ன நினைப்பான் ஒரு சாமி? அன்னதானம் என்றுதான் நினைப்பான். மாலை போட்ட மாதத்தில் எந்த வீட்டில் சாமிகளுக்கு இலை போட்டாலும் எந்தச் சாமியும் போய் உட்காரலாம். அழைப்பு வேண்டாம். பெயரும் கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பெயர், சாமி.

"எந்த ஊரு சாமி?" என்று திருடன் கேட்டிருக்கிறான். விரட்டினால் சந்தேகம் வரும் என்று பயம்.

"முடிச்சூர் சாமி. கன்னி சாமி. இந்தாண்ட தெருவுல வெள்ளையடிச்சிகினு இருந்தேன். நீங்க வர்றதப் பாத்தேன்."

முதல் தரம் மலைக்குப் போகிறவனைத்தான் கன்னி சாமி என்பார்கள்.

"சமையலறைக் கதவு இடுக்கு வழியா எனக்கு ஹால் தெரிஞ்சுது" என்றார் நாகலக்ஷ்மி அம்மாள். "வாசக் குழாயில காலை அலம்பிண்டு வந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு. இதோ, இந்த இடத்துல சப்பணம் போட்டு உக்காந்துண்டு, முன்னால தரையைக் கையால தொடச்சுண்டார். இலை வரும்னு காத்துண்டிருந்தார்மா. பசி அவர் மூஞ்சில தெரிஞ்சுது."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் காலால ஒரு பாத்திரத்தை உதைச்சேன். சத்தம் கேட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிஞ்சுடுத்து. அப்பவும் தெருவுக்கு ஓடியிருக்கலாம். யாரும் அவரைப் பிடிச்சுக்கலை. வாசக்கதவைச் சாத்திட்டுக் குறுக்க நின்னுண்டார். ‘மொதல்ல மாலையக் கழட்டுங்கடா! கழட்டி வெச்சிட்டு அப்பறம் திருடுங்கடா!’ன்னு கத்தினார். பொருளைக் குடுங்கடான்னு கேக்கலை. மாலையக் கழட்டுங்கடான்னுதான் கத்தினார். அதுக்குள்ள குத்திட்டான்."

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஐயோ, இது என்ன மனுஷன்! பசி என்றால் இங்கே இருக்கிற முடிச்சூருக்கு வரக்கூடாதா? ஒரு வாய் சோறு போடமாட்டேனா? திட்டிக்கொண்டேயாவது போட்டிருப்பேனே! முன்பின் தெரியாத வீட்டில் போய் உட்கார்ந்து தரையைத் துடைத்துக்கொண்டு இலைக்குக் காத்திருக்க வேண்டுமா?

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் நாகலக்ஷ்மி அம்மாள்.

"எங்க வூட்டுக்காரரு" என்றேன்.

அவர் பார்வை நேராக என் நெற்றிப் பொட்டுக்குப் போனது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த ஹாலில், அந்த மனுஷன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். உள்ளே போன தோத்தாத்ரி அய்யா திரும்பி வந்து நின்றார். தேவைப்பட்டால் கோர்ட்டில் வந்து சொல்கிறோம் என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சரோஜினியிடம் சொன்னேன். அவள் கல்யாணப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு ஊசியைக் கீழே போட்டாள்.

"ரெண்டு வாரம் பொறுத்துக்கக் கூடாதாம்மா? கல்யாணம் முடிஞ்சி சொல்லக் கூடாதா? அந்த ஆளு நமக்கு இன்னா செஞ்சாரு? என் பாவாடைய வித்துக் குடிச்சாரு. குடிகாரன், கழுதை, ஓடுகாலி! அந்த ஆளுக்காக என் கல்யாணத்த நிறுத்தறியா நீ?"

எல்லாம் என் வார்த்தைகள். ஒன்றுகூட அவள் சொந்த வார்த்தை இல்லை. எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பதினோரு வருஷம் கொட்டியதை என் பெண் ஒன்று விடாமல் பொறுக்கி வைத்திருந்தாள். அவள் சொல்வதில் நியாயமும் இருந்தது. அவர் காலைக் கழுவிக்கொண்டு வந்ததையும், சப்பணம் போட்டு உட்கார்ந்ததையும், கதவைச் சாத்திவிட்டுக் குறுக்கே நின்றதையும் மறுபடி ஒரு தரம் மெதுவாகச் சொன்னேன். அவள் படுத்துப் பழைய புடவை ஒன்றைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூட்டிக்கொண்டு பெருங்களத்தூர் போனேன். சிட்டிபாபு கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். "த பாரும்மா" என்றார், "உன் வூட்டுக்காரரு நல்லவருதான், ஒத்துக்கறேன். ஆனா இவ்ளோ வருசம் கெடந்த பேப்பரு இன்னும் ரெண்டு வாரம் கெடக்கட்டுமே. கல்யாணத்த முடிச்சிக்கினு நீ போய் கையெழுத்துப் போடு, நானே கூட வரேன். இப்பவே போடறன்னா, நான் எங்க ஜனத்தக் கேட்டுத்தான் சொல்லணும்."

"நாளைக்கு வுட்டா திருடன்னு எழுதிடுவாங்க சம்பந்தி" என்றேன்.

"உனக்குத் திருடன் இல்லன்னு தெரியுது. எனக்கும் தெரியுது. எங்கியோ ஒரு கோர்ட்ல கெடக்கற பேப்பருக்குத் தெரிஞ்சா இன்னா, தெரியலன்னா இன்னா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணன் வேறு, "கொஞ்சம் பொறு, சாமுண்டி" என்று காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். பொறுத்தால் என்ன? பெண்ணுக்குப் பக்கத்தில் பட்டுப் புடவையோடு நிற்பேன். ஐயர் தகப்பனார் பெயர் கேட்பார், சொல்வோம். திருடன் என்று ஒரு பக்கம் எழுதிவைத்திருக்கும் பெயரை இந்தப் பக்கம் மணமேடையில் சொல்வோம். அதை நினைத்ததும் வாய் கசந்தது. பசியோடு போய் உட்கார்ந்த மனுஷனுக்கு அன்றைக்கு இலைதான் கிடைக்கவில்லை. பெயராவது கிடைக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

கல்யாணம் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. இரண்டு மாதம் இழுத்தடித்து, ஆவணியில் நடந்தது. பத்திரிகை வேறு அடித்தோம். அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்தார்கள். நான் வெறும் நெற்றியோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கேமராக்காரன் முதுகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தேன். தாலி கட்டுவதை அந்தப் பாவி முதுகு மறைத்துவிட்டது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அவரோடு வெள்ளையடித்த மேஸ்திரியையும் போலீஸ் பிறகு தேடிப் பிடித்து விசாரித்தது. அந்த மேஸ்திரி கையால்தான் இவர் மாலை போட்டுக்கொண்டாராம். "பாதியில கழட்டிப் போட்டுட்டுக் குடிக்கப் போய்ட்டான்னு நெனச்சோம்" என்றாராம். அவர்மேல் என்ன குற்றம்? நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் கையெழுத்துப் போட்ட அந்தத் திங்கட்கிழமை இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். செருப்பை மாட்டும்போது சரோஜினி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நானும் வரேன்" என்றாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டு உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனில் சவுரிமுத்து நாற்காலி போட்டார். "இது எங்க வூட்டுக்காரருதான் சார். வெள்ளிக்கெழம நான் சொன்னது பொய்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். பெயர் கேட்டார், தகப்பனார் பெயர், தொழில், வயது. சொன்னேன். சேலையூரில் சொந்தக்காரர்கள் உண்டா, அந்த நாலு பேரில் யாராவது பழக்கமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"குடிப்பழக்கம்?"

நான் வாயைத் திறந்தேன். என் வாயில் எவ்வளவு இருந்தது தெரியுமா? தீபாவளிப் பாவாடையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் சொல்லலாம். சரோஜினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றேன். "வுட்டுட்டாரு."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"கார்த்திகையிலேர்ந்து. மாலை போட்டாரே, அதுலேர்ந்து. சாகற வரைக்கும் தொடல."

அவர் எழுதினார். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார்.

"இருங்க சார்" என்றேன். "அந்த எடத்த ஒரு தபா சத்தமாப் படிங்க. என் பொண்ணு கேக்கட்டும்."

சவுரிமுத்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: "இறந்துபோன ஜெயவேலு குடிப்பழக்கம் இல்லாதவர்."